எங்கே என்று ஒரு சொல்

ஒரே ஒரு தேதியைத் திருத்தத்தான் போனேன்.
லியபாயா நகரக் கல்லறைப் பதிவகம்,
ஜனவரி ஒன்பது, நாலரைக்கே இருட்டிவிட்ட வெள்ளிக்கிழமை.
அவுஸ்த்ரா கலேயா இறந்தது எண்பத்தேழு மார்ச் பதினாலு.
பதினெட்டு என்று பதிவில் இருக்கிறதாம்.
மகள் தொலைபேசியில் சொன்னாள், கோபமில்லாமல்,
நாலு நாள்தானே என்கிற குரலில்.

கட்டளை எழுதினேன்.
எந்தத் தேதி என்று சொன்னேன்.
எங்கே என்று சொல்லவில்லை.

ஒரு வரிசை மாற்றப்பட்டது என்று வந்திருக்க வேண்டும்.
வந்தது:
அறுபத்தோராயிரத்து நானூற்று எட்டு.
மறுபடி வாசித்தேன்,
வாசித்தால் குறையும் என்பதுபோல.

போரில் செத்தவர்கள், விஷக்காய்ச்சலில் போனவர்கள்,
படகு திரும்பாத ஐந்து மீனவர்கள்,
போன மாதம் பேருந்து நிறுத்தத்தில் சரிந்த பியானோ ஆசிரியர்,
எல்லோரும் ஒரே நாளில்.
அப்படியொரு சனிக்கிழமையை
இந்த ஊர் தாங்கியிருக்காது.

ஜன்னலில் ஓர் அம்மாள் சான்றுக்காக நின்றிருந்தார்.
அச்சு இயந்திரம் என்னைவிட வேகம்.
தாளை விளக்கருகே பிடித்து வாசித்தார்.
"அப்படியானால் இந்தத் திங்கட்கிழமை காலை
எனக்கு ரொட்டி வெட்டிக் கொடுத்தது யார்?"
அவர் சிரிக்கவில்லை.

மதாரா நாற்காலியை இழுத்துப்போட்டாள்.
கையை எடு, என்றாள்.
எடுத்தேன்.
அதற்கப்புறம் எதையாவது தொட்டாயா?
இல்லை.
தொட இருந்தாயா?
இருந்தேன். சரிசெய்யும் கட்டளை ஒன்று
பாதி தட்டச்சாகித் திரையில் நின்றது.
அவள் அதை ஓரெழுத்து ஓரெழுத்தாக அழித்தாள்.

காப்புநகல் இருக்கிறது என்றேன்.
இரவு இரண்டு மணிக்கு எடுக்கும்,
காலையில் பச்சை விளக்கு எரியும்.
திறந்தோம். சுழியம் பைட்.
அதற்கு முந்தைய இரவு, சுழியம்.
கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள்போல
எண்பத்திரண்டு கோப்புகள்.
பச்சை விளக்கு பொய் சொல்லவில்லை.
ஓடினேன் என்று மட்டும்தான் சொன்னது.
எதைத் தூக்கிக்கொண்டு ஓடினாய் என்று
யாரும் கேட்டதில்லை. கேட்பது
என் வேலை.

அக்டோபர் பத்தொன்பதில்தான் எடை இருந்தது.
அதைத் தனியாக எழுப்பி,
பழைய சாவுகளுக்கெல்லாம் பழைய நாளைத் திருப்பிக் கொடுத்தபோது
விடிந்திருந்தது.
மீதி இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
பெயர் உண்டு, குழியெண் உண்டு, நாள் இல்லை.

சனி, ஞாயிறு, குளிர் மைனஸ் பதினொன்று.
கார்க்கண்ணாடி துடைக்கும் பிரஷ்ஷால்
மரச்சிலுவைகளின் பனியைத் தள்ளினோம்.
அவள் வாசிக்க நான் தட்டினேன்;
கையுறையைக் கழற்றினால்தான் போன் விரலை நம்பும்.
பனிக்குள் எழுத்து தெரியாத இடங்களில்
குழிவெட்டும் குந்திஸின் பாக்கெட் நோட்டு,
பென்சில், சேறு, ஒரு பக்கத்தில் யாருக்கோ தரவேண்டிய கடன்.
பதினேழாவது சிலுவை, ரொட்டி வெட்டியவர்.
திங்கள். ஜனவரி ஐந்து.

ஞாயிறு மாலை எண்ணினால்
இருநூற்றுப் பதின்மூன்று.

திரும்ப எண்ணினோம்.
வேலியோரம், நாற்பத்தொன்றாம் வரிசை,
ஆர்வீத்ஸ் ஸ்ட்ராஸ்ட்ஸ், டிசம்பர் இரண்டு.
நோட்டில் இருக்கிறார். மண்ணில் இருக்கிறார்.
தரவுத்தளத்தில், நான் கெடுப்பதற்கு முன்பும்,
அவர் இருந்ததே இல்லை.
அன்று பிற்பகல் இணையம் இல்லை.
துண்டுச்சீட்டில் எழுதி வைத்து, பிறகு ஏற்றலாம் என்று
ஒருவர் நினைத்திருக்கிறார்.
யார் பணி என்று மதாரா கேட்கவில்லை.
நான்தான், என்றேன்.
தலையசைத்துவிட்டு
பிரஷ்ஷை உதறினாள்.

திங்கள் காலை நடந்ததை நாலு பக்கம் எழுதினேன்.
மனிதத் தவறு என்று தொடங்கி, அடித்துவிட்டு,
என் பெயரில் தொடங்கினேன்.
இப்போது வாரம் ஒரு காப்புநகலைத் திறந்து
யாராவது ஒருவரைத் தேடிப் பார்க்கிறோம்.

ஒன்று பாக்கியிருந்தது.
மீண்டு வந்த பதிவில் அவுஸ்த்ரா இன்னும்
பதினெட்டில்தான் இருந்தாள்.
இம்முறை முதலில் எங்கே.
பிறகு கை மடியில்.
பிறகு மற்றது.

ஒரு வரிசை மாற்றப்பட்டது.

மகளை அழைத்துச் சொன்னேன்.
"அவ்வளவுதானே, நன்றி" என்றாள்.
அவள் பின்னால் ஏதோ
கொதித்துக்கொண்டிருந்தது.